இமைத்தொய்வா, இமைத்தாழ்வா? ‘டோசிஸ்’ என்பதற்கு ஒரு சொல் தேடி

ரோஸ் ஹில்லிலிருந்து, தமிழாசிரியர்

அனைவர்க்கும் வணக்கம். மொரீசியஸ் முதியோருக்கான கண்நலக் கையேட்டில் மேலிமை கீழிறங்கி நிற்கும் குறையை எழுத வேண்டியிருக்கிறது. இங்கே ஆங்கிலத்தில் படித்தவர் முதலெழுத்தை விழுங்கி ‘டோசிஸ்’ என்கிறார், பிரெஞ்சில் படித்தவர் ‘ப்டோசிஸ்’ என்கிறார். தமிழில் ஒரே சொல் இருந்தால் இரண்டு பேருக்கும் பொதுவாகும். மோக்காவில் பாரதி பெயரிலேயே கண் மருத்துவமனை இருக்கும் நாட்டில் இந்தச் சொல் தமிழில் இல்லாதிருப்பது எனக்கு ஒப்பவில்லை. இமைத்தொய்வு, இமைவீழ்ச்சி, இமைவாதம் மூன்றும் கைவசம் உள்ளன. எதைக் கொள்ளலாம்?

போர்ட் லூயியிலிருந்து, கண் மருத்துவர்

ஐயா, இமைவாதத்தை முதலில் அடித்துவிடுங்கள். வாதம் என்றால் நரம்பு செயலிழந்தது என்று படும். முதியோரிடம் நாம் மிகுதியாகக் காண்பது அதுவன்று. இமைதூக்கித் தசையின் நுனியில், அதை இமையோடு இணைக்கும் தட்டையான நார்விரிப்பு நாளடைவில் மெலிந்து, இமைக்குள் உள்ள கெட்டியான இமைத்தகட்டைவிட்டு விலகுகிறது. தசையும் நரம்பும் நன்றாகவே இருக்கும். பல ஆண்டு கடின கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கும், கண்புரை அறுவைக்குப் பின் சிலருக்கும் இதுவே நேர்கிறது. இமைமடிப்பு வழக்கத்தைவிட மேலேறி இருப்பது இதன் அடையாளம்.

இந்த வகைக்குத் ‘தொய்வு’ பொருந்தும். பிறவி வகைக்குப் பொருந்தாது. அங்கே தசைநாரின் இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் இருப்பதால் இமை விறைத்துப்போயிருக்கும். குழந்தையைக் கீழே பார்க்க வையுங்கள்: பாதித்த இமை மற்ற இமையைவிட மேலேயே நின்றுவிடும். கீழே இறங்கவும் மாட்டாத ஒன்றைத் தொய்வு என்று எப்படிச் சொல்வது? அதோடு, இமைத்தோல் மட்டும் தளர்ந்து விளிம்பின்மேல் மடிந்து தொங்கும் வேறொரு நிலை உண்டு. தொய்வு என்ற சொல் அதற்குத் தேவை. அங்கே இமையின் விளிம்பு சரியான இடத்தில்தான் இருக்கும், மிகுதித் தோலை நீக்கினால் போதும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் தவறான அறுவைக்கு வழிவிட்டதாகும்.

நான் முன்வைப்பது இமைத்தாழ்வு. காரணம் எதையும் இச்சொல் முன்கூட்டியே சொல்வதில்லை, இமை நிற்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. இடத்தை அளக்கவும் முடியும். டார்ச் ஒளியை நேரே காட்டினால் பாவையின், அதாவது கருவிழி நடுவே தெரியும் துளையின், நடுவில் ஒரு ஒளிப்புள்ளி தெரியும். அதிலிருந்து மேலிமை விளிம்புவரை 4 முதல் 5 மி.மீ. இயல்பு. அதில் ஏறத்தாழ 2 மி.மீ. குறைந்தால் சிறு தாழ்வு, 3 என்றால் நடுத் தாழ்வு, 4-உம் அதற்கு மேலும் பெருந்தாழ்வு.

கத்ர் போர்னிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

டாக்டர் ஐயா சொல்லும் காரணம் புரிகிறது. ஆனால் ‘தாழ்வு’ என்றதும் தாழ்வு மனப்பான்மை நினைவுக்கு வரும். முகத்தில் தெரியும் குறை இது, நோயாளி மனம் நோகக் கூடாது. இமையிறக்கம் என்றால் என்ன? இன்னொன்று: அடைமொழிகள் சேரும்போது சொல் தாங்குமா என்று பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

போர்ட் லூயியிலிருந்து, கண் மருத்துவர்

அம்மா, புயற்காலத்தில் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று படிக்கிறோம், அதில் யாருக்கும் இழிவு தோன்றுவதில்லை. இறக்கம் என்ற சொல்லைக் கருப்பை இறக்கத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அங்கே உறுப்பே இடம்விட்டு வெளியே வருகிறது, இங்கே அப்படியில்லை.

அடைமொழிச் சோதனையைச் செய்து பார்ப்போம்.

நார்விலகல் இமைத்தாழ்வு: நார்விரிப்பை முன்னிழுத்து இமைத்தகட்டில் தைப்பார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, அறுவையின் நடுவிலேயே நோயாளியை உட்காரவைத்து உயரம் பார்த்துத் தையலைத் திருத்துவது நல்லது. இரண்டு இமைக்கும் மூளை ஒரே அளவு ஆணை அனுப்புவதால், ஒன்றைத் தூக்கியதும் மற்றது தாழக்கூடும். தாழ்ந்த இமையை விரலால் உயர்த்தி மறு இமையைக் கவனித்தால் இதை முன்பே அறியலாம்.

பிறவி இமைத்தாழ்வு: இதில் தூக்குவலுவை அளந்தே முடிவெடுக்க வேண்டும். புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கீழ்ப்பார்வையிலிருந்து மேற்பார்வைவரை விளிம்பு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். புருவத்தை அழுத்தாவிட்டால் நெற்றித்தசை சேர்ந்து தூக்கி, வலு மிகுதியாகத் தோன்றும். இயல்பு 15 மி.மீ. அளவு. 4-உம் அதற்குக் கீழும் என்றால் அந்தத் தசையைக் குறுக்கிப் பெரிய பயன் இல்லை. சிலிக்கான் இழையாலோ தொடைச் சவ்வாலோ இமையை நெற்றித்தசையோடு இணைக்க வேண்டும். இதற்கு ‘நெற்றித்தூளி’ என்று பெயர் வைக்கலாம். பிறகு உறக்கத்தில் கண் முழுதும் மூடாது. இரவில் களிம்பு இடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். இமை பாவையை மறைத்தால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது, பார்வை வளராமல் கண் சோம்பிவிடும்.

களைப்பு இமைத்தாழ்வு: நரம்பின் ஆணை தசைக்குச் சரியாகச் சேராமல் தசை விரைவில் களைக்கும் மையஸ்தீனியா நோயால் வருவது. காலையில் குறைவு, மாலையில் மிகுதி. ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னால் இமை மெல்லத் தாழும். மூடிய இமைமேல் 2 நிமிடம் பனிக்கட்டிப் பை வைத்ததும் 2 மி.மீ. அளவு உயர்ந்தால் ஐயம் வலுக்கும். முதலில் மருந்துதான், கத்தியன்று. விழுங்கவோ மூச்சுவிடவோ தடுமாறினால் உடனே மருத்துவமனை.

நரம்பு இமைத்தாழ்வு: கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இமை திடீரென விழுந்து, பாவை விரிந்து, தலைவலியும் இருந்தால் மூளை இரத்தக்குழாய்ப் புடைப்பு நரம்பை அழுத்துகிறதோ என்று அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வேண்டும். நீரிழிவால் நரம்பு தளரும்போது பாவை பெரும்பாலும் விரியாது, சில மாதங்களில் தானே தேறும். நீரிழிவு மிகுந்த நம் நாட்டில் ‘சர்க்கரைதான்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டுவது ஆபத்து. எதிர்மாறாக, 1 அல்லது 2 மி.மீ. தாழ்வோடு பாவை சுருங்கி, கழுத்தும் வலித்தால் கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம். அதுவும் அவசரம்.

சொட்டு மருந்து பற்றிக் கேட்பார்கள். ஆக்சிமெட்டசோலின் 0.1 விழுக்காட்டுச் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2020-இல் ஒப்புதல் கிடைத்தது. மேலிமையைத் தூக்க உதவும் முல்லர் தசை என்ற சிறு தசையைத் தூண்டிச் சில மணிநேரம் இமையைச் சற்று உயர்த்தும், நோயைத் தீர்க்காது. காரணம் தெரியாமல் ஊற்றினால் மேலே சொன்ன ஆபத்துகளை மறைத்துவிடும்.

புருவம் இறங்கினால் புருவத்தாழ்வு, தோல் மட்டும் தொங்கும் இமைத்தொய்வு தாழ்வுபோலத் தோன்றினால் போலி இமைத்தாழ்வு. சொல் தாங்குகிறது அல்லவா?

கத்ர் போர்னிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

தாங்குகிறது. ஒப்புக்கொள்கிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘மேலிமைத் தாழ்வு’ என்று முழுதாக எழுதுவோம். நெற்றித்தூளி அருமை, தாய்மாருக்கு விளக்கமே வேண்டாம்.

ரோஸ் ஹில்லிலிருந்து, தமிழாசிரியர்

அப்படியானால் கையேட்டு வரி இது: “மேலிமைத் தாழ்வு என்பது மேலிமையின் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே நிற்பது. திடீரென வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.” ‘நார்விரிப்பு’ மட்டும் பாயை நினைவூட்டுகிறது. ‘நார்த்தகடு’ என்றால் இமைத்தகட்டோடு குழம்பும். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.