மேற்கு வெயிலும் மூங்கில் தட்டியும்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், மூன்றாவது மாடி. ஹாலும் பால்கனியும் மேற்குப் பார்த்தவை. வீடு வாங்கும்போது காலையில் வந்து பார்த்தோம், குளுகுளுவென்று இருந்தது. குடிவந்த முதல் சித்திரையில்தான் விஷயம் புரிந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஹாலில் உட்கார முடியாது. நாலு மணிக்குத் தரையில் வெறுங்காலை வைத்தால் சுடும். ஜன்னலுக்கு மேலே 2 அடி சன்ஷேடு இருக்கிறது. அது உச்சி வெயிலுக்குச் சரி, சாய்ந்து நேராக முகத்துக்கு வரும் சாயங்கால வெயிலை அதனால் தடுக்க முடியாது.

முதலில் கனமான பாலியஸ்டர் திரை வாங்கிப் போட்டோம். அறை இருட்டானதே தவிரச் சூடு குறையவில்லை. ஒரு நாள் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்தது போல இருந்தது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு மறுபடி அறைக்குள்தானே இறங்கும்? வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. என் பாட்டி வீட்டுத் திண்ணையில் மூங்கில் தட்டி தொங்கும். அதை எதற்கு வெளியே கட்டியிருந்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கடையில் கேட்டபோது 'மூங்கில் டிசைன்' என்று காட்டியது பிளாஸ்டிக். நிஜ மூங்கில் கேட்டதற்கு அளவெடுத்து ஆர்டர் போட்டால் மூன்று வாரம் என்றார்கள். எங்கள் ஏரியாவில் ரோட்டோரமாக ஏணி, கூடை, தட்டி பின்னும் ஒரு குடும்பம் இருக்கிறது. அங்கே போனேன். பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விலை சொல்வதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி, "சாரல் எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதும்மா?" அன்றைக்கே வீட்டுக்கு வந்து அளந்துகொண்டார்.

அவர் மூங்கில் பிளப்பதை நின்று பார்த்தேன். கம்பின் நுனியில் கத்தியை வைத்து ஒரு தட்டு. அதன்பிறகு கத்தியைத் தள்ளத் தள்ளப் பிளவு தானாக ஓடுகிறது, ஒவ்வொரு கணுவிலும் 'டப்' என்று ஒரு சத்தம். பிளந்த துண்டை மறுபடி தோல் பக்கம், உள் பக்கம் என்று இரண்டாக உரித்தார். தோல் பக்கத்துச் சிம்பு வழவழவென்று, வளைத்தால் வில் போல வளைந்து திரும்பி வந்தது. உள் பக்கத்துச் சிம்பு வெளுப்பாக, தக்கை மாதிரி. அதை வளைத்தபோது பாதியிலேயே ஒடிந்துவிட்டது. "ரெண்டையும் கலந்து பின்னினா சதுர அடி 70. தோல் மட்டும்னா 110. பூச்சி மொதல்ல போறது உள் சதைக்குத்தான்" என்றார். தோல் தட்டியே சொல்லிவிட்டேன். 8 அடிக்கு 6 அடி, 48 சதுர அடி, 5,280 ரூபாய். கப்பி, கயிறு, மாட்டுக்கூலி தனி.

பருத்தி நூலா, நைலான் நூலா என்று ஒரு பேச்சு வந்தது. எனக்கு மக்கும் நூல்தான் வேண்டும் என்று ஆசை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியில் தொங்கும் தட்டிக்குப் பருத்தி நூல் ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும், சிம்பு நல்லபடியாக இருக்கும்போதே தட்டி பிரிந்துவிடும் என்றார். நைலானுக்கே சம்மதித்தேன். அந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பத்து வருடம் உழைக்க வேண்டிய பொருளை இரண்டு வருடத்தில் குப்பைக்கு அனுப்புவதில் என்ன பசுமை இருக்கிறது?

மாட்டிய பிறகு நேர்ந்த மாற்றம் முதலில் காலுக்குத்தான் தெரிந்தது, தரை சுடவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தட்டியை இறக்கினால் சிம்புகளின் இடுக்கு வழியாகக் காற்றும் வருகிறது. துணித் திரையில் இது நடக்கவே நடக்காது. முன்பெல்லாம் 3 மணிக்கே ஏசி போடுவோம். இப்போது மே மாதத்தில்கூட ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடுகிறோம்.

வாங்கப்போகிறவர்களுக்கு என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜன்னல் அளவுக்குச் சரியாக எடுத்துவிட்டேன். சித்திரை 12 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளையில் வடக்கே சாய்ந்துதான் இருக்கும், மறைவதும் நேர் மேற்கில் இல்லை, வடமேற்கில். அதனால் வெயில் பக்கவாட்டில், தட்டிக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து சோபாவில் ஒரு பட்டையாக விழுந்தது. வடக்குப் பக்கம் மட்டுமாவது அரை அடி கூட்டி அளவெடுங்கள். சமையலறையின் வடக்கு ஜன்னலுக்கும் கத்திரி வெயில் வருகிறதே என்று குழம்பியவர்களுக்கும் காரணம் இதுதான். அதற்கும் ஒரு சின்னத் தட்டி போட்டோம்.

இன்னொன்று, பகலில் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. ராத்திரி விளக்குப் போட்டால் நேர்மாறு. படுக்கையறைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய பருத்தித் திரையும் வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊரில் இல்லை. தட்டியைச் சுருட்டாமலே கிளம்பியிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கீழ்ப்பாதி கிழிந்து தொங்கியது. தூக்கிப்போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் தரையில் விரித்து, ஒடிந்த சிம்புகளை மட்டும் உருவி, புதுசு செருகி, நூலை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரம், 400 ரூபாய். புதுச் சிம்பு பச்சை கலந்த மஞ்சள், பழையது பழுப்பு. இரண்டு வருடத்தில் அந்தப் பட்டையும் நிறம் மாறி மற்றதோடு சேர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் திரையில் ஒரு பட்டை உடைந்தால் அதை யாரிடம் கொண்டுபோவது?

மூங்கில் புல் வகை, வெட்டினால் அதே தூரிலிருந்து திரும்ப முளைக்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, என் வீட்டுக்கு 2 கிலோமீட்டர் தூரத்தில் அதைச் செய்யவும் செப்பனிடவும் தெரிந்த ஒரு கை இருக்கிறது என்பது. உங்கள் வீட்டில் எப்படி? நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, எங்க ஊருக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. வெயிலைவிட ஈரம்தான் எங்களுக்குப் பிரச்சினை. கடையில "பின்னாடி துணி வெச்சுத் தைச்சா சாரல் வராது, ராத்திரி உள்ளே தெரியாது"ன்னு சொன்னாங்க. நம்பி வாங்கினேன். ஐப்பசி முடியறதுக்குள்ள துணிக்கும் மூங்கிலுக்கும் நடுவுல கறுப்புப் பூசணம். அறைக்குள்ள வந்தாலே நனைஞ்ச சாக்கு வாடை. மாமியாருக்கு மூச்சிரைப்பு உண்டு, ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க. பிளேடால தையலைப் பிரிச்சு அந்தத் துணியை எடுத்துட்டு, வெயில்ல ரெண்டு நாள் காயவெச்சு, முரட்டு பிரஷ்ஷால தேச்சேன். கறை கொஞ்சம் இருக்கு, வாடை போயிடுச்சு.

அதுக்கப்புறம் நான் கடைப்பிடிக்கிறது ஒண்ணே ஒண்ணு: நனைஞ்ச தட்டியைச் சுருட்டக் கூடாது. மழை விட்டதும் அப்படியே தொங்கவிட்டுக் காய்ஞ்ச பிறகுதான் சுருட்டணும். மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சா முன்னாடியே சுருட்டிடணும்.

பொள்ளாச்சியிலிருந்து, தோட்டத்தில் மூங்கில் வளர்ப்பவர்:

பூச்சியைப் பற்றி யாராவது விரிவாக எழுதுவார்கள் என்று பார்த்தேன். தட்டிக்குக் கீழே கேழ்வரகு மாவு கொட்டியது போல மஞ்சள் தூள் விழுந்தால் உளுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரியும். அந்த வண்டு தேடி வருவது மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தை. இளங்கம்பில் கை வைக்காமல் 3, 4 வருடம் முற்றிய கம்பை வெட்டுவதும், வெட்டியதைக் குளத்திலோ ஓடையிலோ வாரக்கணக்கில் ஊறப்போடுவதும் அந்தச் சத்தைக் குறைக்கத்தான். ஊறும்போது தண்ணீர் நாறும், சத்து வெளியேறுகிறது என்று எங்கள் அப்பா சொல்வார். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பதும் அவர் சொன்னதுதான். அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் இன்றுவரை தேய்பிறை பார்த்துத்தான் வெட்டுகிறேன்.

வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது இன்னொரு வழி. நல்ல பலன் தரும், ஆனால் மழை பட்டால் அந்த உப்பு கரைந்து போய்விடும். அதனால் அறைக்குள் மாட்டும் திரைக்கு அது போதும். வெளியில் தொங்குவதற்கு மேலே எண்ணெயோ வார்னிஷோ ஒரு பூச்சு வேண்டும். வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தடவினால் நிறமும் சீக்கிரம் வெளுக்காது. வாங்கும்போது கடைக்காரரிடம் "என்ன பதம் செய்தீர்கள்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

மூங்கில் வளர்ப்பவனாக இன்னொரு விஷயம். 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரக் கணக்கில் வைத்திருந்தது. சொந்தப் பட்டாவில் வளர்த்ததை வெட்டி லாரியில் ஏற்றவே பயமாக இருக்கும். 2017இல் திருத்தம் கொண்டுவந்து, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் வரப்பில் கல் மூங்கில் வைத்தேன். இப்போது வெட்டுப் பருவத்தில் இருக்கிறது. தாம்பரம் சகோதரியிடம் ஒரு வேண்டுகோள், அந்தப் பெரியவருக்கு எங்கள் கம்பு பயன்படுமா என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

சிங்கப்பூரிலிருந்து:

இங்கே ஆங்கிலேயர் காலத்துக் கறுப்பு வெள்ளை பங்களாக்களில் வராண்டா முழுக்க மூங்கில் தட்டி தொங்குவதைப் பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு வர்ணம் அடித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் 'சிக்' என்பார்கள், நம் நாட்டுப் பக்கமிருந்து போன சொல். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒன்று மாட்டியிருக்கிறேன். மாலையில் தரையில் விழும் கோடு கோடான வெளிச்சத்தைப் பார்த்தால் மாயவரத்தில் எங்கள் தாத்தா வீட்டு ரேழி ஞாபகம் வந்துவிடும்.

திருச்சியிலிருந்து, இரண்டு வயதுக் குழந்தையின் அம்மா:

கயிறைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? தட்டியை இழுக்கும் கயிறு கீழே வளையமாகத் தொங்கும். போன வருடம் என் மகள் சோபாவில் ஏறி நின்று அந்த வளையத்துக்குள் தலையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியிலிருந்து தற்செயலாக எட்டிப் பார்த்தேன். கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது. அன்றைக்கே வளையத்தை வெட்டி இரண்டு தனிக் கயிறாக்கினேன். தரையிலிருந்து 5 அடிக்கு மேலே சுவரில் கொக்கி அடித்து, மிச்சக் கயிற்றை அதில் சுற்றி வைக்கிறேன். சோபாவையும் ஜன்னலை விட்டு நகர்த்திவிட்டேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தட்டி மாட்டும் அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து:

எங்கள் தட்டியைப் பத்து நாள் இறக்காமல் இருந்தோம். அதற்குள் சுருளுக்குள் அணில் கூடு கட்டிவிட்டது. தேங்காய் நார், பஞ்சு, என் பழைய சேலையின் கிழிசல்கூட உள்ளே இருந்தது. மூன்று குஞ்சுகள், கண் திறக்கவில்லை. கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டோம். ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஜன்னலுக்கு மட்டும் வேட்டியைக் கட்டி மறைத்தோம். அணில் சில இடத்தில் நூலைக் கடித்திருக்கிறது, சரிசெய்ய ஆள் தேடுகிறோம். இங்கே தட்டி பின்னுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தாம்பரத்திலிருந்து மீண்டும்:

எல்லாருக்கும் நன்றி. திருச்சித் தங்கை எழுதியதைப் படித்த கையோடு போய் எங்கள் கயிற்றைப் பார்த்தேன். வளையம்தான். தங்கச்சி பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள். வெட்டிவிட்டேன், கொக்கியும் அடித்தாயிற்று.

பொள்ளாச்சி அண்ணா, இன்று காலையில் பெரியவரைப் பார்த்துக் கேட்டேன். கல் மூங்கில் உள்ளே கெட்டியாக இருக்கும், ஏணிக்கும் கம்புக்கும் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் தட்டிக்குச் சிம்பு உரிக்க வராது என்கிறார். "உள்ளே பொந்தா, கணு தள்ளித் தள்ளி இருக்கிற ரகம் அவர்கிட்ட இருக்குதான்னு கேளும்மா. இருந்தா நாலு கம்பு அனுப்பச் சொல்லு. பிளந்து பாத்துட்டுச் சொல்றேன்."