அசாசின் என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஹஷீஷ் கதை உண்மையா?

கேட்டவர்: சொல்தேடி

அகராதியைப் பார்த்தால் அசாசின் என்றால் கொலைகாரன் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் சண்டையில் ஒருவரைக் குத்திக் கொன்றவனை யாரும் அசாசின் என்று சொல்வதில்லையே, மன்னர், அமைச்சர், பெரிய தலைவர் மாதிரி ஓர் ஆளைத் திட்டம் போட்டுத் தீர்த்துக்கட்டினால்தான் அந்தச் சொல் வருகிறது. இந்த வித்தியாசம் எப்படி வந்தது? அப்புறம் இணையத்தில் எங்கே தேடினாலும் ஒரே கதைதான் கிடைக்கிறது: மலைக்கோட்டையில் ஒரு கிழவர், இளைஞர்களுக்கு ஹஷீஷ் கொடுத்து மயக்கி, சொர்க்கம் போன்ற தோட்டத்தில் விட்டு, பிறகு கொலைக்கு அனுப்பினார், ஹஷீஷ் என்பதிலிருந்துதான் அசாசின் வந்தது என்று. வீடியோ கேம் பழக்கம் உள்ள நண்பர் ஒருவரோ, அது 'அசாஸ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, ஹஷீஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். எதை நம்புவது?

பதில்: கோட்டைவாசல்

முதலில் அந்த ஆட்கள் யார் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அவர்கள் நிஸாரி இஸ்மாயிலிகள், ஷியா இஸ்லாத்தின் ஒரு பிரிவு. அவர்களுடைய தலைவர் ஹசன் இ சப்பாஹ் 1090-ல் வட ஈரானின் அல்போர்ஸ் மலைத்தொடரில் உள்ள அலமூத் கோட்டையைக் கைப்பற்றினார். எதிரில் இருந்தது அப்போது ஈரானை ஆண்ட துருக்கியரின் செல்ஜூக் பேரரசு. அதனுடன் களத்தில் நேருக்கு நேர் மோதுகிற அளவுக்கு இவர்களிடம் படை கிடையாது. ஆகவே படையோடு மோதாமல், படையை ஏவுகிற ஆளைக் குறிவைத்தார்கள். 1092-ல் செல்ஜூக்குகளின் பெரும் அமைச்சர் நிஸாம் அல்முல்க், சூஃபி வேடத்தில் நெருங்கி வந்த ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். இப்படிப் போனவர்களுக்கு ஃபிதாயி என்று பெயர், தன்னையே பலி கொடுப்பவர் என்று பொருள். ஆயுதம் பெரும்பாலும் குறுவாள்தான். பல நேரங்களில் ஊர் பார்க்க, மசூதியிலோ அரசவையிலோ வைத்தே தாக்கினார்கள், தப்பி உயிரோடு திரும்புவோம் என்ற எண்ணத்தோடு போனவர்கள் குறைவு.

சொல் ஐரோப்பாவுக்குப் போனது சிரியா வழியாக. அங்கே மஸ்யாஃப் போன்ற கோட்டைகளில் ரஷீத் அல்தீன் சினான் என்பவர் இவர்களுக்குத் தலைவராக இருந்தார், சிலுவைப் போர் வீரர்கள் 'மலைக் கிழவர்' என்று பேசியது பெரும்பாலும் அவரைப் பற்றித்தான். சிலுவைப் போர் வீரர்களை எதிர்த்துப் போரிட்ட சுல்தான் சலாஹுத்தீனையே இரண்டு முறை கொல்லப் பார்த்தார்கள், அவர் தப்பிவிட்டார். 1192 ஏப்ரலில், இன்றைய லெபனானில் இருக்கும் டயர் நகரத் தெருவில், ஜெருசலேமின் அரசராகத் தேர்வாகியிருந்த மான்ஃபெராட்டின் கான்ராட் துறவி வேடத்தில் இருந்த இருவரால் கொல்லப்பட்டது ஐரோப்பா முழுக்கப் பேச்சானது. ஏவியது யார் என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது, இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைக்கூடச் சந்தேகித்தார்கள். ஆக, நீங்கள் கேட்ட 'பெரிய ஆளைக் கொல்வது' என்ற பொருளுக்கு வேர் இதுதான்.

பதில்: மைக்கூடு

ஹஷீஷ் விஷயத்துக்கு வருகிறேன். சொல் அங்கிருந்து வந்தது உண்மை, கதை உண்மையில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அரபியில் ஹஷீஷ் என்றால் உலர்ந்த புல், பிறகுதான் கஞ்சாவையும் குறித்தது. ஹஷீஷிய்யா என்று நிஸாரிகளைச் சொன்னவர்கள் அவர்களுடைய எதிரிகள். 1123 வாக்கில், எகிப்தின் ஃபாத்திமி கலீஃபா அல்ஆமிர் சிரியாவுக்கு அனுப்பிய ஒரு மடலில் அந்தச் சொல் இருக்கிறது. அவரும் இஸ்மாயிலிதான், ஆனால் 1094-ல் வாரிசுச் சண்டையில் பிரிந்த மறு அணி. இவர்கள் கஞ்சா எடுக்கிறார்கள் என்று அந்த மடல் குற்றம் சாட்டவில்லை. ஒழுக்கம் கெட்டவர்கள், கீழ்மக்கள் என்ற அர்த்தத்தில் விழுந்த வசை அது. சிலுவைப் போர்க்காலத்து ஐரோப்பியர்கள் அந்த வசையை உள்ளூர்ப் பேச்சிலிருந்து அப்படியே எடுத்துப்போனார்கள். டயர் நகரின் வில்லியம், அக்காலத்து வரலாற்றாசிரியர், இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கும் தெரியாது, முஸ்லிம்களுக்கும் தெரியாது என்றே எழுதியிருக்கிறார். 1809-ல் பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்டர் த சாசி அரபு ஏடுகளைக் காட்டித்தான் வேர்ச்சொல்லை உறுதி செய்தார்.

தோட்டக் கதையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மார்க்கோ போலோ. அவர் பிறந்தது 1254-ல், அலமூத் மங்கோலியர்களிடம் விழுந்தது 1256-ல். அவர் அந்தப் பக்கம் போனபோது அங்கே கிழவரும் இல்லை, ஆட்சியும் இல்லை. நிஸாரிகளைத் திட்டித் தீர்த்த அக்காலத்து முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள்கூட, ஃபிதாயிகளுக்குப் போதை கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. சொந்த மகன் மது குடித்தான் என்பதற்காக அவனையே கொல்ல வைத்தவர் ஹசன் இ சப்பாஹ் என்று சொல்லப்படுகிறது, அப்படிப்பட்டவர் ஒரு போதைத் தோட்டம் நடத்தினார் என்றால் எப்படிப் பொருந்தும்? அது போக, மாதக்கணக்கில் வேடம் போட்டு, எதிரியின் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்து, நேரம் பார்த்துக் காத்திருக்கிற வேலையை மயக்கத்தில் இருப்பவரால் செய்ய முடியாது.

சொல்தேடி

அருமை, மிக்க நன்றி. அந்த 'அசாஸ்' விளக்கம்? ஐரோப்பாவில் கூலிக்கொலை என்ற பொருள் எப்போது வந்தது?

பதில்: கோட்டைவாசல்

அசாஸ் என்றால் அடித்தளம். அடித்தளத்துக்கு, அதாவது மார்க்கத்தின் மூலத்துக்கு விசுவாசமானவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள் என்பது அந்த விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஏடுகளில் நிற்பது ஹஷீஷிய்யாதான், நான் அதன் பக்கமே.

பொருள் மாறியது இத்தாலியில். இத்தாலியக் கவிஞர் தாந்தே 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தெய்வீக நாடகம் என்ற காவியத்தின் நரகப் பகுதியில் அசாசின் என்ற சொல் வரும்போது அதில் சிரியாவும் இல்லை, மதமும் இல்லை, வெறும் வஞ்சகக் கொலைகாரன்தான். பணம் வாங்கிக் கொல்பவன் என்பதும் ஐரோப்பாவில் சேர்ந்துகொண்டது. மூலத்தில் ஃபிதாயி ஒரு கொள்கைக்காகச் சாகப் போனவர், இங்கே வந்ததும் கூலி ஆள். பிறகு ஆங்கிலத்தில் தலைவர்களைக் கொல்வது என்ற பொருள் மறுபடி முன்னுக்கு வந்தது, லிங்கன் கொலைக்கு எல்லாரும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

பதில்: மலைப்பாதை

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மங்கோலியப் படைத்தலைவர் ஹுலாகுவுடன் அலமூத்துக்குப் போன பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, அங்கிருந்த நூலகத்தைப் பார்த்து, குர்ஆன் பிரதிகளையும் சில நல்ல நூல்களையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு மீதியை எரித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதனால்தான் இவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி எதிரிகளின் எழுத்து. நிஸாரிகள் அழிந்துவிடவும் இல்லை, ஆகா கானைத் தங்கள் இமாமாக ஏற்று இன்றும் பல நாடுகளில் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களிடம் போய் 'நீங்கள்தான் அந்த ஹஷீஷ் ஆட்களா' என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், கேட்பவருக்கு அது தகவல், கேட்கப்படுபவருக்கு 900 வருடத்துக்கு முந்தைய அதே வசை. எழுதும்போது நிஸாரி இஸ்மாயிலிகள் என்றே எழுதுங்கள்.