எந்தக் கண்காணிப்புக்கு முதலில் அஞ்ச வேண்டும்?

கடலோர மாவட்டம் ஒன்றில், ஆலை எதிர்ப்புப் போராட்டங்களில் வழக்குக்கு உள்ளானவர்களுக்குச் சட்ட உதவி கிடைக்க ஏற்பாடு செய்யும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி, "வாட்ஸ்அப்பில் மூன்று டிக் விழுந்தால் அரசாங்கம் படித்துவிட்டது என்கிறார்களே, உண்மையா அண்ணே?" என்பதாகும். அது பொய்ச் செய்தி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே 2020இல் அறிவித்திருந்தது. ஆயினும் அதற்கு அஞ்சிக் குழுக்களை விட்டு வெளியேறிய பலர், தங்கள் கைபேசிக்குப் பூட்டுக்கூடப் போடாமல் வைத்திருந்தார்கள்.

அவர்களில் ஒரு மீனவ இளைஞரை விசாரணைக்கு அழைத்தபோது நானும் வழக்கறிஞரும் உடன் சென்றோம். வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டு அவரை மட்டும் உள்ளே அழைத்தார்கள். "போனைக் கொடு தம்பி" என்று வாங்கிய அதிகாரி, குழுக்களின் பெயர்களையும் உறுப்பினர் பட்டியலையும் புகைப்படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தம் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டதாக அந்த இளைஞர் வெளியே வந்து சொன்னார். கைப்பற்றியதற்கான மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு, எதுவும் எழுதப்படவில்லை. அடுத்து அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள். இதற்கு உளவு மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

அதன்பின், ஓர் அச்சுறுத்தலைப் பற்றி யார் கேட்டாலும் நான் இரண்டைப் பார்க்கிறேன்: அதைச் செய்ய அரசுக்கு எவ்வளவு பணமும் அனுமதியும் உழைப்பும் தேவைப்படும், நம்மைப் போன்றவர்களுக்கு அது முன்பு நடந்திருக்கிறதா. அழைப்பு விவரப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். யாருடன், எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவருக்கு அருகில் இருந்து பேசினோம் என்பதை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம நிபந்தனை. காவல்துறை எழுத்துமூலம் கேட்டால் அது கிடைத்துவிடும் என்பதால், சாதாரண வழக்குகளிலும் அதைக் காண்கிறோம்.

பேச்சை ஒட்டுக்கேட்பதற்கோ பொதுவாக உள்துறைச் செயலாளர் நிலையிலான உத்தரவு வேண்டும். அது 60 நாள்களுக்கே செல்லும், நீட்டித்தாலும் 180 நாள்களைத் தாண்டக் கூடாது. குற்றத்தைக் கண்டறிவது என்ற காரணம் மட்டும் போதாது, பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கான தேவையோ இருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மத்திய அரசு மாதந்தோறும் 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் பிறப்பிப்பதாக 2013இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் வந்ததை நினைத்தால், அத்தனையையும் ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. எனவே போராட்டத்தை முன்னின்று நடத்துவோர் தம் அழைப்புகள் கேட்கப்படக்கூடும் என்று கருதுவது நியாயமே.

அரசுகளுக்கு விற்கப்படும் பெகாசஸ் என்ற இஸ்ரேலிய உளவு மென்பொருள் பற்றிய அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. 2019இல் அதன் தாக்குதலுக்கு உள்ளானவர்களாக வாட்ஸ்அப் கண்டறிந்த ஏறத்தாழ 1,400 பேரில் இந்திய வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள். பெகாசஸ் புகாரை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழு ஆராய்ந்த 29 கைபேசிகளில் 5இல் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022இல் நீதிமன்றம் தெரிவித்தது. என்னை அதைவிட அதிகம் கலங்கவைத்தது, மகாராஷ்டிரத்தில் 2018இல் நடந்த வன்முறையை ஒட்டிச் செயற்பாட்டாளர்கள்மீது போடப்பட்ட பீமா கோரேகான் வழக்கில் கைதான ஒருவரின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் 2021 அறிக்கை. அறிமுகமானவரின் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சல் இணைப்பின் வழியே நெட்வயர் என்ற மலிவான மென்பொருள் நுழைந்து, 22 மாதங்களுக்கு மேல் அங்கே இருந்து, அவர் திறந்தே பார்த்திராத கோப்புகளையும் வைத்துச் சென்றதாக அது கூறியது. அதைச் செய்தவர் யார் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனால் வேண்டிய பணமும் திறமையும் எவ்வளவு குறைவு என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே எங்கள் ஊரில் எல்லாரும் கைரேகைப் பூட்டை நீக்கி நீண்ட கடவுஎண் வைத்துக்கொள்கிறார்கள். விரலைப் பிடித்து அழுத்தவைப்பது எளிது. செய்திகள் ஒரு வாரத்தில் தாமாக அழியும்படி அமைத்திருக்கிறோம். கூட்டத்துக்கு வருவோர் கைபேசியை வீட்டிலேயே விட்டு வருகிறார்கள். வழக்கறிஞருக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் மட்டும் கூடுதல் ஏற்பாடு: ஐபோனில் உளவு மென்பொருள் நுழைய இடம் தரும் வசதிகளை முடக்கிவைக்கும் லாக்டவுன் முறை, வழக்குக் கோப்புகளுக்கு இணையத்தில் இணையாத தனிக் கணினி, மின்னஞ்சலில் எந்த இணைப்பு வந்தாலும் அனுப்பியவரை அழைத்துக் கேட்ட பிறகே திறப்பது.