கண்ணாடி போட்ட தஞ்சாவூர் படம்: சிபிஎல் ஃபில்டர் மாட்டியும் பிம்பம் போகவில்லை, உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பெரியம்மா வீட்டில் பழைய தஞ்சாவூர் படம் ஒன்று இருக்கிறது, ராமர் பட்டாபிஷேகம், 2 அடி அகலம் 3 அடி உயரம், கண்ணாடிச் சட்டம் போட்டது. போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தால் சீதைக்குப் பக்கத்தில் நான் கேமராவோடு நிற்கிறேன், அனுமார் மேல் ஜன்னல் கம்பி. கடையில் சொன்னார்கள் என்று சிபிஎல் ஃபில்டரும் (கண்ணாடிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர்) ரப்பர் ஹூடும் (லென்ஸ் முன்னால் மாட்டும் ரப்பர் வளையம்) வாங்கினேன். ஃபில்டரை எப்படித் திருப்பினாலும் படம் இருட்டானதுதான் மிச்சம். 18-55 லென்ஸ், ட்ரைபாட் இருக்கிறது. சட்டத்தைக் கழற்றப் பெரியம்மா விடமாட்டார். என்ன செய்வது?

பழையலென்ஸ்:
ஃபில்டரில் கோளாறு இல்லை, நீங்கள் நிற்கும் இடம்தான் காரணம். கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் சிபிஎல் வெட்டும், அதுவும் படத்துக்கு நேர் எதிரே உள்ள கோட்டிலிருந்து 56 டிகிரி வாக்கில் விலகி நின்றால்தான் முழுசாக. நேர் எதிரே நின்றால் அதற்கு வேலையே இல்லை. அவ்வளவு சாய்ந்து எடுத்தால் ராமர் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்துப் போவார். அதனால் சிபிஎல்லைக் கழற்றி வையுங்கள், சும்மா ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேல் வெளிச்சத்தைத் தின்கிறது. யூவி ஃபில்டர் இருந்தால் அதையும்.

ரப்பர் ஹூட் மீன் தொட்டிக்கும் மியூசியம் கண்ணாடிப் பெட்டிக்கும் அருமையான சாமான், கண்ணாடியில் ஒட்ட வைத்து அழுத்தினால் பின்னாலிருந்து வெளிச்சம் நுழையாது. உங்களுக்கு ஜூமை 55-இல் வைத்தாலே ஏழெட்டு அடி தள்ளி நிற்க வேண்டும், எங்கே ஒட்டுவது? ஆனாலும் ஹூட் இருக்கட்டும், பக்கத்து விளக்கு லென்ஸில் நேராக விழுந்து படம் வெளுக்காமல் காக்கும்.

செய்ய வேண்டியது, கண்ணாடி எதைப் பார்க்கிறதோ அதைக் கருப்பாக்குவது. கேமரா இருக்கும் இடத்தில் படத்தைப் போல இரண்டு மடங்கு அகலமும் உயரமும் உள்ள கருப்புத் துணி போதும், தூரம் எவ்வளவு என்றாலும் கணக்கு இதேதான். உங்களுக்கு 4 அடிக்கு 6 அடி, அதாவது சபரிமலைக்கு மாலை போட்டவர் வீட்டுக் கருப்பு நாலு முழ வேட்டி ஒன்றை நெட்டுக்குத்தலாகத் தொங்கவிட்டால் சரியாக இருக்கும். நடுவில் லென்ஸுக்கு வழி வேண்டும், வேட்டியை வெட்ட மனமில்லை என்றால் இரண்டு துணியைப் பக்கம் பக்கமாகக் கட்டி இடுக்கில் லென்ஸை நீட்டுங்கள். லென்ஸ் முகத்தில் வெள்ளை எழுத்து இருக்கும், அதுவும் கண்ணாடியில் தெரியும், கருப்பு டேப் ஒட்டிவிடுங்கள். ஜன்னலை மூடி, ஃபிளாஷை அணைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக ஒரே மாதிரி பல்பு, டைமரில் எடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அரை மணி நேர வேலை. பெரியம்மா தூங்கும்போது...

பழையலென்ஸ்:
வேண்டவே வேண்டாம் சார். ஈரம் ஏறிய பழைய படத்தில் வர்ணம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் முகம் அதோடு வந்துவிடும். பெரியம்மா சொல்வதுதான் சரி.

மேற்குஜன்னல்:
இடையில் ஒரு கேள்வி. ரயில் ஏசி பெட்டி ஜன்னல் வழியாக எடுக்க சிபிஎல் உதவுமா?

பழையலென்ஸ்:
பெரும்பாலும் கெடுக்கும். சூடாக்கி இறுக்கிய கண்ணாடி அது, சிபிஎல் வழியாகப் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். அங்கே ரப்பர் ஹூட் போதும், ரொம்ப அழுத்தினால் ரயில் ஆட்டம் கேமராவுக்கு வரும், லேசாகத் தொட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்:
வேட்டி வேலை செய்தது, நான் சுத்தமாகக் காணாமல் போய்விட்டேன்! ஆனால் தங்கம் செத்துப்போன மாதிரி இருக்கிறது. கிரீடம், தூண் எல்லாம் காப்பிக்கொட்டை நிறம். எடிட்டிங்கில் மஞ்சளைக் கூட்டினால் ராமர் முகமும் மஞ்சளாகிறது.

பழையலென்ஸ்:
தங்க ரேக்கும் கண்ணாடி போலத்தான், எதிரே இருப்பதைக் காட்டும், இப்போது கருப்பைக் காட்டுகிறது. எடிட்டிங்கில் சரிவராது. நல்லவேளையாகத் தஞ்சாவூர் படத்தில் தங்க வேலை புடைத்து நிற்கும், அந்த மேடுபள்ளம் பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் வாங்கும். துணியைத் தொடாதீர்கள். படத்துக்கு மேல் பக்கமாக, துணியின் எல்லைக்கு வெளியே, வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் ஒரு பல்பைத் திருப்புங்கள். அட்டையின் விளிம்பு கண்ணாடியில் தெரிகிறதா என்று கேமரா திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், தெரிந்தால் இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்கள். பக்க பல்புகளில் ஒன்றை மங்கலாக்கினால் கல் பதித்த இடங்களும் எழுந்து நிற்கும்.