குக்கூ கடிகாரம்: 1880 என்கிறார்கள், 350 யூரோ தகுமா?

கேள்வி (இலைப்பெண்டுலம்):
ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரப் பழம்பொருள் சந்தையில் ஒரு குக்கூ கடிகாரம் (மணிக்கு மணி உள்ளிருந்து பறவை வந்து கூவும் சுவர்க்கடிகாரம்) விலைக்கு வந்திருக்கிறது. "1880, எலும்பு முள், கையால் செதுக்கியது" என்கிறார் விற்பவர். கேட்கும் விலை 350 யூரோ.

உயரம் 30 செ.மீ. சுற்றிலும் ஐந்து இலை, உச்சியில் ஒரு பறவை. பைன் காய் வடிவத்தில் இரண்டு இரும்புக் குண்டுகள், இரண்டின் பின்பக்கமும் 275 என்று வார்த்திருக்கிறது. பின்கதவைத் திறந்தால் பித்தளைத் தகட்டில் "ரெகுலா 25". பலகையில் மங்கலாக "மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி". ஓடுகிறது. ஆனால் பறவை 'குக்' என்பதோடு சரி. 'கூ' வரவேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது.

பதில் 1 (பல்சக்கரம்):
விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். மேற்கு ஜெர்மனி என்ற நாடு இருந்ததே 1949 முதல் 1990 வரைதான். அந்த முத்திரை உள்ள எதுவும் 1880 ஆகாது.

275 என்பது கிராம். அந்த எடை ஒருநாள் மெஷினுக்கு உரியது, தினமும் சங்கிலி இழுக்கவேண்டும். எட்டுநாள் மெஷின் என்றால் குண்டு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ரெகுலா 25, கருங்காட்டுக் (தென்மேற்கு ஜெர்மனியின் 'பிளாக் ஃபாரஸ்ட்' பகுதி) கடிகாரங்களில் மிகப் பரவலான ஒருநாள் மெஷின். மரக்கூட்டைச் செய்தவர் வேறு, மெஷின் செய்தவர் வேறு என்பதால் தகட்டில் உள்ள பெயரை வைத்துக் கடிகாரமே அந்தக் கம்பெனியுடையது என்று முடிவு கட்டவேண்டாம்.

ஒன்று கவனியுங்கள்: நாட்டின் பெயரே இல்லாவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை. ஏற்றுமதிக்குப் போனவற்றில்தான் அது கட்டாயம் தேவைப்பட்டது. உள்ளூரில் விற்றவற்றில் பலவற்றில் இருக்காது. அப்படிப்பட்டவற்றில் திருகாணியைப் பாருங்கள். கூட்டல்குறி போன்ற தலை இருந்தால், ஒன்று கடிகாரம் 1930களுக்குப் பிந்தையது, அல்லது பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஒட்டுப்பலகை முதுகும் இருபதாம் நூற்றாண்டுச் சங்கதிதான். இசைப்பெட்டி உள்ளவற்றில் மெட்டே தேதி சொல்லும். 'எடெல்வைஸ்' 1959இல் மேடையேறிய இசைநாடகத்துக்காக எழுதிய பாட்டு. அதை வாசிக்கும் பெட்டி அதற்கு முன் வந்திருக்க முடியாது.

பதில் 2 (துருத்திக்காரர்):
முள்ளையும் எண்களையும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். எலும்பில் மயிர்க்கோடு போல நுண்துளைகள், ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக் என்றால் பரப்பு ஒரே சீராக இருக்கும், ஓரத்தில் அச்சின் கோடு ஓடும். சூடான ஊசியால் குத்திப் பார் என்று சிலர் சொல்வார்கள். அடுத்தவர் பொருளில் அந்த வேலை வேண்டாம்.

19ஆம் நூற்றாண்டுச் சரக்கு எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டடக் கலைஞர் ஃப்ரீட்ரிஷ் ஐசென்லோர் 1850இல் வரைந்த ரயில்வே காவல்குடிசை வடிவம்தான் இன்றைய கூட்டின் மூலம். ஐசென்பாஹ் ஊரின் கடிகாரக் கலைஞர் யோஹான் பாப்டிஸ்ட் பேஹா 1862 முதல் எலும்பு முள்ளும் பைன் காய்க் குண்டும் வைத்தார். அதாவது உங்கள் கடிகாரத்தின் தோற்றம் உண்மையிலேயே பழையதுதான், பொருள்தான் புதியது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன், பலர் நம்பியே சொல்கிறார்கள். பேஹாவின் நல்ல வேலைப்பாட்டில் சங்கிலிக்குப் பதில் சாவி கொடுக்கும் வில்லும், அதன் விசையைச் சீராக்கும் கூம்புச் சக்கரமும் இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

இலைப்பெண்டுலம்:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன். துளை எதுவும் இல்லை, ஓரத்தில் கோடு இருக்கிறது. 120க்கு இறங்கி வருகிறார். 'கூ' வராததைச் சரிசெய்ய முடியுமா?

பதில் 3 (துருத்திக்காரர்):
முடியும். உள்ளே இரண்டு மரக்குழல், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துருத்தி. உயர்ந்த சுருதி முதலில், தாழ்ந்தது பிறகு. உங்களுடையதில் பழுது இரண்டாவதில். அதன் மூடியை விரலால் தூக்கி விடுங்கள். சட்டென்று சத்தமில்லாமல் விழுந்தால் மடிப்பு கிழிந்திருக்கிறது. பெரும்பாலும் மூலைகளில்தான் கிழியும், பின்னாலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் ஒழுகும். மெதுவாக இறங்கிக்கொண்டே சீறினால் துருத்தி நலம், குழலின் வாயில் தூசு.

கிழிந்திருந்தால் குழல் முழுவதையும் மாற்றவேண்டாம், மேலே உள்ள துருத்தி மட்டும் தனியாகக் கிடைக்கும். நீள அகலத்தை மி.மீ. கணக்கில் அளந்து வாங்குங்கள். பழையதை மெல்லிய பிளேடால் சீவி எடுத்து, ஒட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி ஒட்டவேண்டும். குழலுக்குள் காற்று போகும் துளையில் பசை வழிந்தால் அத்தனையும் வீண். சிலவற்றில் மூடிமேல் சிறு ஈயத்துண்டு இருக்கும், மறக்காமல் புதியதற்கு மாற்றுங்கள். ஒரு இரவு காயட்டும். இரண்டு குழலையும் கழற்றினால் இடம் வலம் குறித்துவையுங்கள், மாற்றிப் பூட்டினால் பறவை 'கூ-குக்' என்று தலைகீழாகக் கூவும்.

பதில் 4 (பல்சக்கரம்):
120உம் அதிகம். இந்த வகைக்கு என் கணக்கு 60, மிஞ்சினால் 80. துருத்திக்கு ஆகும் செலவை அதிலும் கழியுங்கள். விளம்பரங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த ஏலங்களின் விலையைப் பாருங்கள். 350 யூரோ இருந்தால் கருங்காட்டு ஊரான ட்ரிபெர்க் பக்கம் புதிய ஒருநாள் கடிகாரமே கிடைக்கும்.

வாங்குமுன் ஒரு சோதனை. சங்கிலியைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டே, சக்கரங்களின் அச்சுமுனை தகட்டுத் துளையில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அதற்குக் கனமான குண்டு மாட்டுவது மருந்தல்ல, தேய்மானத்தைக் கூட்டும்.

பதில் 5 (துருத்திக்காரர்):
அப்படித் தேய்ந்திருந்தால் புதிய ரெகுலா 25 மெஷினையே மாட்டிவிடலாம். துளைகளுக்குப் புது வளையம் போடும் கூலி அதைவிட அதிகம். ஆனால் ஒரே எண்ணில் வெவ்வேறு பெண்டுல நீளத்துக்கு மெஷின் வருகிறது. அளக்காமல் வாங்கினால் பெண்டுலத்தில் உள்ள இலையை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் நேரம் சரியாகக் காட்டாது.

பதில் 6 (பல்சக்கரம்):
இதற்குச் சரி. பேஹா காலத்து மெஷினில் மட்டும் யாரும் அதைச் செய்துவிடாதீர்கள், பாதி விலை அங்கேயே போய்விடும்.

எடுத்துவரும்போது குண்டையும் பெண்டுலத்தையும் கழற்றுங்கள். சங்கிலியைக் கூட்டுக்கு அடியில் கம்பியால் சேர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்தை விட்டு நழுவிவிடும். பறவைக் கதவின் கொக்கியை மாட்டுங்கள். வீட்டில் தொங்கவிட்டதும் முதல் வேலையாக அதைத் திறங்கள். கொக்கியோடு ஓடவிட்டுவிட்டு 'கூவவில்லை' என்று வருபவர்கள்தான் பாதிப் பேர்.