புதுப்பிப்பு: அம்மாவின் முடக்குவாதமும் இரவுச் சாப்பாட்டு நேரமும்

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு அழற்சி நோய்) உள்ள அம்மாவுக்குக் காலையில் விரல் மடங்கவில்லை, இரவு பத்து மணிச் சாப்பாட்டை முன்னால் தள்ளினால் பலன் இருக்குமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லோருக்கும் நன்றி.

மியான்மரில், இங்கே யாங்கோனில் கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் உலை வைப்போம். இப்போது அதற்குக் காத்திராமல் கரி அடுப்பைப் பற்றவைத்து, ஏழு மணிக்குள் அம்மாவுக்குச் சோறு. அப்புறம் காலை மொஹிங்காதான் (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்). விறைப்பு போய்விடவில்லை. ஆனால் பிளாஸ்க் மூடியை இப்போது எழுந்த கொஞ்ச நேரத்திலேயே அவரே திருகித் திறக்கிறார். டாக்டர் மாத்திரை அளவையும் கூட்டியிருக்கிறார், எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

காலையில் ஏன் இவ்வளவு வலி? அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் முடக்குவாதம் உள்ளவர்கள் ரத்தத்தில் விடியற்காலையில்தான் உச்சத்துக்குப் போகிறது. குடல் பாக்டீரியாவும் நாம் சாப்பிடும் நேரத்தை ஒட்டிக் கூடிக் குறையும். 2013இல் வெளிவந்த நியூயார்க் ஆய்வில், புதிதாக முடக்குவாதம் வந்து சிகிச்சை தொடங்காதவர்களில் 75 சதவீதம் பேரின் குடலில் பிரீவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது. நோயில்லாதவர்களில் சுமார் 21 சதவீதம். அதுதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் பாக்டீரியா தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம், அழற்சியை அடக்கும் டி செல்களுக்கு (ஒரு வகை நோய் எதிர்ப்பு செல்கள்) துணை. அதனால் பயறும் புளிச்சகீரையும் தட்டில் கூடியிருக்கின்றன.

மருந்தை விட்டுப் பட்டினி இருக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம் தம்பி. அழற்சி அடங்காமல் மூட்டு அரித்துவிட்டால் திரும்பாது. அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன்.