கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு அஸ்பெஸ்டஸ் வருத்தம்: வழக்குப் போடலாமா?

சுதா_வடலண்டன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 79 வயது. போன மாதம் மீசோதீலியோமா (அஸ்பெஸ்டஸ் தூசியால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்) என்று சொல்லிவிட்டார்கள். முதலில் படி ஏறினால் இளைத்தது, பிறகு வலது பக்க நெஞ்சில் தண்ணீர், அதை எடுத்து, தசைத் துண்டும் எடுத்துப் பார்த்த பிறகுதான் பெயரே தெரிந்தது. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, கப்பல் கட்டும் இடத்திலோ கட்டட வேலையிலோ இருந்தீர்களா என்பது. அப்பா சுத்தியல் பிடித்த ஆளே இல்லை. ஊரில் இருந்து 1973-இல் வந்து, 1975 தொடக்கம் ரிட்டயர் ஆகும்வரை இரண்டு கவுன்சில் (உள்ளூராட்சி சபை) பள்ளிக்கூடங்களில் கெமிஸ்ட்ரி படிப்பித்தவர்.

நஷ்டஈடு கேட்கலாம் என்று நர்ஸ் சொல்கிறார். தம்பியோ, இது எல்லாம் ‘வென்றால்தான் காசு’ என்று விளம்பரம் போடுகிறவர்களின் வேலை, கடைசியில் பாதியை அவர்களே எடுப்பார்கள் என்கிறான். அப்பா அதற்கு மேல்: “முப்பது வருசம் சோறு போட்ட இடத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கிறதா?” வாத்தியாருக்கு இந்த வருத்தம் வருமா? எந்தப் பள்ளிக்கூடத்தில் வந்தது என்று எப்படிக் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோண்டாவிலான்

வரும் தங்கச்சி, நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் சைட் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன், அந்தக் கட்டடங்களின் உள்ளும் புறமும் தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவசரமாகக் கட்டினவை, இரும்புச் சட்டம் நிறுத்தி, நெருப்புப் பிடிக்காமல் இருக்க அஸ்பெஸ்டஸ் பலகையால் மூடினவை. பார்க்கச் சாதாரண சுவர்ப் பலகை மாதிரித்தான் இருக்கும். பிள்ளைகள் கீறின படங்களை ரீச்சர்மார் அதிலேதான் ட்ரோயிங் பின் கொண்டு குத்துவார்கள். தவணை முடிய எல்லாவற்றையும் பிடுங்கி, அடுத்த தவணைக்குப் புதிதாகக் குத்துவார்கள். ஒவ்வொரு பின்னைப் பிடுங்கும்போதும் கொஞ்சம் தூள் வரும். பெடியள் கதவை அடித்துச் சாத்தினால் பக்கத்துத் தூணின் மூடியே அதிரும். இதெல்லாம் தூசி என்று அப்போது யாரும் நினைத்ததில்லை.

கெமிஸ்ட்ரி என்றால் இன்னும் ஒன்று இருக்கிறது. பன்சன் அடுப்பின் மேல் வைக்கும் கம்பி வலையின் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்குமே, அந்தக் காலத்தில் அது அஸ்பெஸ்டஸ். மேசை சுடாமல் கீழே வைக்கும் தட்டும் அதுதான். விளிம்பு உதிர்ந்த தட்டுகளை அடுக்கி எடுத்தது யார், லாப் மேசையை பிறஷால் தட்டியது யார் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

நிரு77

சொலிசிட்டர் (வக்கீல்) ஒஃபிசில் இந்த மாதிரிக் கோப்புகளோடு வேலை செய்கிறேன். நான் சொலிசிட்டர் இல்லை, ஆகவே இதையே சட்ட ஆலோசனை என்று எடுக்க வேண்டாம்.

காலக்கெடு மூன்று வருடம். அது தூசி பட்ட நாளில் இருந்து அல்ல, இன்ன வருத்தம், வேலையால் வந்திருக்கலாம் என்று தெரிந்த நாளில் இருந்து. ஆகவே 1975 என்று பயப்பட வேண்டாம். எந்தப் பள்ளிக்கூடத்துத் தூசி என்று பிரித்துக் காட்டவும் தேவையில்லை: 2002-இல் ஃபேர்சைல்ட் வழக்கில் பிரபுக்கள் சபை (அப்போது அதுதான் மேல் நீதிமன்றம்) அந்தத் தடையை எடுத்துவிட்டது, 2006-இல் வந்த சட்டப்படி பொறுப்பான ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். ஊரில் அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் இருந்தீர்களா என்று கேட்பார்கள். இருந்திருந்தால் ஆம் என்றே சொல்லுங்கள், அதனால் மட்டும் வழக்கு விழாது.

இடிக்கிற இடம் வேறு. 2011-இல் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். நோஸ்லி கவுன்சில் வழக்கில், பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தூசி பட்ட ஒரு பெண்ணுக்கு வெற்றி. கவுன்சிலின் மேன்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளியது. (அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.) அதே வருடம் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக வழக்கில், 1974-இல் சுடுநீர்க் குழாய்கள் போகும் சுரங்கத்தில் ஒளியின் வேகத்தை அளக்கும் பரிசோதனை செய்த பௌதிகவியல் மாணவரின் குடும்பம் மேன்முறையீட்டில் தோற்றது. அவ்வளவு சிறிய அளவும் ஆபத்து என்று அந்தக் காலத்து அறிவை வைத்துப் பல்கலைக்கழகம் எதிர்பார்த்திருக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. வாத்தியார்மாரின் வழக்குகளும் இதே இடத்தில்தான் நிற்கும் அல்லது விழும். வருத்தம் இருப்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. எவ்வளவு தூசி, எத்தனை வருடம், யார் எச்சரித்தார்கள் என்பதில்தான் சண்டை.

ஆகவே அப்பாவுக்குத் தெம்பு இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதி எடுங்கள். எந்த அறை, எந்த மாடி, கூரைப் பலகை எப்போது உடைந்தது, பக்கத்தில் ஆள் வேலை செய்யும்போது வகுப்பு நடந்ததா, எல்லாம். ரீச்சர்ஸ் பென்சன் பதிவில் வேலை செய்த இடங்களும் திகதிகளும் இருக்கும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அந்தக் கட்டடங்களின் அஸ்பெஸ்டஸ் பதிவேட்டைக் கேளுங்கள், இடித்துவிட்டார்கள் என்றாலும் பழைய சேர்வே ஏதாவது கிடக்கும். ஒன்று தேவாலயப் பள்ளிக்கூடமாக இருந்தால் முதலாளி கவுன்சில் அல்ல, நிர்வாக சபையாக இருக்கலாம், அதையும் பாருங்கள்.

தம்பிக்கு: சாதாரண விபத்து வழக்குகளில் சொலிசிட்டர் நஷ்டஈட்டில் ஒரு பங்கு எடுப்பது உண்மை. மீசோதீலியோமாவுக்கு அந்த விதியில் விலக்கு இருக்கிறது, வென்றால் மேலதிகக் கட்டணத்தை எதிர்த்தரப்பிடமே கேட்கலாம். ஒரு சதமும் பிடிக்கமாட்டோம் என்று எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வழக்கு வேண்டாம் என்றாலும் அரசாங்கப் பணத்தை விட வேண்டாம். தொழில் வருத்தத்துக்கான வாராந்தக் கொடுப்பனவு இந்த நோய்க்கு நூறு வீத இயலாமை என்ற கணக்கில் கிடைக்கும், வயது தடையில்லை. மீசோதீலியோமாவுக்கான 2008 அரசாங்கத் திட்டத்தில் ஒரு மொத்தத் தொகையும் இருக்கிறது, ஆனால் நோய் தெரிந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு வழக்கில் வென்றால் அதைக் கழிப்பார்கள்.

வல்வை_மைந்தன்

எனக்கு இது சரியாகப் படவில்லை. மனிதர் இருக்கப் போவது கொஞ்சக் காலம். அதில் வக்கீலும் வாக்குமூலமும் எதற்கு? அவர் வேண்டாம் என்றால் விடுங்கள்.

பவானி.த

மைந்தன் அண்ணா, அவர் விருப்பம்தான் முதல், சரி. ஆனால் சுதா, வழக்குப் போட்டாலும் விட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தொழில் வருத்தத்தால் இறந்தால் கொரோனருக்கு (மரண விசாரணை அதிகாரிக்கு) அறிவிப்பது இங்கே கட்டாயம். எங்கள் மாமாவும் இப்படித் தொழில் வருத்தத்தால், வீட்டிலேயே இறந்தார், நாங்கள் ஐயரை ஒழுங்குபடுத்தி, தகனத்துக்கு நாளும் பார்த்தபிறகு உடலைத் தரவில்லை. கனடாவில் இருந்து வந்தவர்கள் வீட்டில் குந்திக்கொண்டிருக்க, மாமி ஒவ்வொரு நாளும் “எப்போ தருவினம்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உயிரோடு இருக்கும்போதே தசை எடுத்துப் பார்த்த றிப்போர்ட் இருந்தால் பல கொரோனர்மார் உடலை வெட்டிப் பார்க்காமலே விடுவார்கள். அந்த றிப்போர்ட்டின் பிரதியை இப்போதே வாங்கி வையுங்கள், ஜீபியிடமும் (குடும்ப டொக்டர்) கொரோனர் விஷயத்தை முன்கூட்டியே கதையுங்கள். மீசோதீலியோமா யூகே என்ற தொண்டு அமைப்பில் இதற்கென்றே நர்ஸ்மார் இருக்கிறார்கள், அவர்களிடம் தயங்காமல் கேட்கலாம்.

சுதா_வடலண்டன்

எல்லோருக்கும் நன்றி. கம்பி வலை விஷயத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டுகள் எந்த அலுமாரியில் இருந்தன, எந்த வருடம் அவற்றை எடுத்துவிட்டு வேறு நிறத் தட்டு தந்தார்கள் என்று முழு லாப்பையும் சொன்னார், ஃபோனில் பதிந்து வைத்திருக்கிறேன். வழக்குக்கு இன்னும் சம்மதம் இல்லை, “கவுன்சிலின்ர இன்சூரன்ஸ்காரன் குடுக்கிறதெண்டால் யோசிப்பம்” என்ற அளவுக்கு வந்திருக்கிறார். கொடுப்பனவு விண்ணப்பத்தை இந்தக் கிழமை போடுகிறோம்.

அந்தக் காலத்து லாப் டெக்னீசியன் அம்மாவிடம் இருந்து இன்னும் கிறிஸ்மஸ் கார்ட் வருகிறது, அவருக்கும் எழுதப் போகிறேன். நிரு, வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எடுக்கக்கூடிய, தமிழ் தெரிந்த யாராவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் பிரச்சினை இல்லை, அம்மாவுக்குத்தான்.